குழந்தைக்கு முடியல, ஹெல்த் சென்டர்ல கூட்டம்: உங்க கேள்விகளும் டாக்டர் பதில்களும்

இந்த தடவை வந்த கேள்விங்க எல்லாமே ஆரம்ப சுகாதார நிலையத்தை சுத்தியே இருக்கு. உள்ள உக்காந்து பாக்கறவங்களும் எழுதியிருக்காங்க, வெளிய பெஞ்சுல குழந்தைய மடியில வச்சுக்கிட்டு காத்திருக்கறவங்களும் எழுதியிருக்காங்க. தனித்தனியா போடாம கலந்தே போடறேன், இவங்க கஷ்டத்தை அவங்களும் அவங்க கஷ்டத்தை இவங்களும் ஒரு தடவை படிக்கட்டும்.

கேள்வி: மேடம், நான் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்துல ஸ்டாஃப் நர்ஸ். காலைல ஓ.பி. ஆரம்பிச்சா மதியம் வரைக்கும் நிமிர முடியாது. இருமல்னு வர்ற ஒவ்வொரு குழந்தைக்கும் முழுசா ஒரு நிமிஷம் மூச்சு எண்ணணும்னு ட்ரெயினிங்ல சொன்னாங்க. இது நடக்கற காரியமா? 15 செகண்ட் எண்ணி நாலால பெருக்கினா போதாதா? இங்க நிறைய பேர் அப்படித்தான் பண்றாங்க, சில பேர் எண்றதே இல்ல, பாத்தாலே தெரிஞ்சிடும்ங்கறாங்க.

பதில்: போதாதும்மா. ஏன்னு சொல்றேன், கணக்கு போட்டே பாத்துடலாம். எட்டு மாச குழந்தை ஒண்ணு, நிஜத்துல நிமிஷத்துக்கு 52 தடவை மூச்சு விடுதுன்னு வச்சுக்கோங்க. ரெண்டு மாசத்துல இருந்து ஒரு வயசு வரைக்கும் 50 தொட்டாலே வேக மூச்சு, அதாவது நிமோனியான்னு எடுத்து வைத்தியம் பண்ணணும். 15 செகண்டுல நீங்க 13 எண்ணணும். குழந்தை கொஞ்சம் அசைஞ்சதுல ஒண்ணு விட்டுப்போச்சு, 12. நாலால பெருக்குனா 48. அவ்ளோதான், வெறும் சளின்னு வீட்டுக்கு அனுப்பியாச்சு. ஒரே ஒரு மூச்சு விட்டதுக்கு இந்த கதி. முழு நிமிஷம் எண்ணும்போது ஒண்ணு விட்டாலும் 51 வரும், குழந்தை தப்பிச்சிடும்.

அதுவும் கைக்குழந்தைங்க ஒரே சீரா மூச்சு விடறதில்ல, கொஞ்ச நேரம் விறுவிறுன்னு விட்டுட்டு சில செகண்ட் சும்மா இருக்கும், அப்புறம் திரும்ப ஆரம்பிக்கும். உங்க 15 செகண்ட் எந்த இடத்துல வந்து விழுதுங்கறது வெறும் அதிர்ஷ்டம். அதனாலதான் ரெண்டு மாசத்துக்கு கீழ இருக்கற குழந்தைக்கு 60 இல்ல அதுக்கு மேல வந்தா இன்னொரு தடவை எண்ணிப் பாக்க சொல்றாங்க. ஒரு வயசுல இருந்து அஞ்சு வயசு வரைக்கும் 40. இந்த மூணு நம்பரையும் மேஜை கண்ணாடிக்கு அடியில எழுதி வச்சிடுங்க.

பாத்தாலே தெரிஞ்சிடும்ங்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. நெஞ்சு கீழ்ப்பக்கம் உள்ள இழுக்கறது பாத்தா தெரியும், அது சரி. 48-க்கும் 52-க்கும் வித்தியாசம் யார் கண்ணுக்கும் தெரியாது, எத்தனை வருஷ அனுபவம் இருந்தாலும்.

எண்ற விதத்துல கொஞ்சம் நேரம் மிச்சம் பண்ணலாம். குழந்தைய டேபிள்ல படுக்க வைக்காதீங்க, அழும், அழுதா எண்ண முடியாது, அது அடங்கறதுக்குள்ள அஞ்சு நிமிஷம் போயிடும். அம்மா மடியிலயே இருக்கட்டும், நீங்க தொடாதீங்க, ஸ்டெத்தை எடுக்காதீங்க, அம்மாவையே சட்டைய லேசா தூக்க சொல்லுங்க. வரும்போதே தூங்கிட்டு இருந்தா அதிர்ஷ்டம்தான், பேரு வயசு எல்லாம் கேக்கறதுக்கு முன்னாடி முதல்ல எண்ணி முடிச்சிடுங்க. பால் குடிச்சிட்டு இருந்தா நிறுத்தினதும் எண்ணுங்க. கண்ணு ஒண்ணு கடிகாரத்துலயும் ஒண்ணு நெஞ்சுலயும் இருக்க முடியாது, அதனால டைமர் வேணும், யுனிசெஃப் குடுக்கற மாதிரி சத்தம் போடற டைமர் இருந்தா நல்லது, இல்லன்னா உங்க போன்லயே ஒரு நிமிஷம் அலாரம் வச்சிட்டு பார்வைய நெஞ்சுல இருந்து எடுக்காம எண்ணுங்க. எண்ணும்போதே அந்த கீழ் விலா பக்கத்தையும் பாத்துக்கலாம், மூச்சை உள்ள இழுக்கறப்போ அது வெளிய வரணும், உள்ள போகுதுன்னா சிக்கல். அழும்போதோ பால் குடிக்கும்போதோ மட்டும் உள்ள போனா அதை கணக்குல எடுக்க வேண்டாம். பல்ஸ் ஆக்ஸிமீட்டர் இருந்தா போட்டு பாருங்க, 90 சதவீதத்துக்கு கீழ போனா பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும், ஆனா 97 காட்டுதுன்னு எண்ணாம விட்றாதீங்க, ஆரம்ப கட்ட நிமோனியாவுல ஆக்ஸிஜன் நல்லாவே இருக்கும்.

இப்போ உங்க நிஜமான கேள்விக்கு வரேன், அந்த ஒரு நிமிஷத்துக்கு எங்க போறதுன்னு. எனக்கு என்னவோ நேரத்தை தின்னறது அந்த நிமிஷம் இல்ல, க்யூ தான்னு தோணுது. வந்த வரிசைப்படிதான் பாப்போம்னு உக்காந்தா மாத்திரை வாங்க மாசாமாசம் வர்ற பெரியவங்க, கட்டு மாத்த வந்தவங்க, சர்டிஃபிகேட்டுக்கு வந்தவங்க எல்லாரும் போனப்புறம்தான் அந்த துவண்டு போன குழந்தை உங்க முன்னாடி வரும். ஓ.பி. தொடங்கறதுக்கு முன்னாடியும் நடுநடுவுலயும் யாராவது ஒருத்தர் அந்த பெஞ்சு பக்கம் நடந்து போய் ஒவ்வொரு அம்மாகிட்டயும் நாலே நாலு விஷயம் கேக்கணும்: குடிக்குதா, பால் இழுக்குதா? குடிச்சது எல்லாத்தையும் வாந்தி எடுக்குதா? இந்த காய்ச்சல்ல வலிப்பு வந்துச்சா? கூப்பிட்டா கண்ணு முழிச்சு பாக்குதா, இல்ல துவண்டு கிடக்குதா? இதுல ஒண்ணு தப்பா இருந்தாலும் அந்த குழந்தை க்யூல நிக்கக்கூடாது. இதுக்கு நர்ஸே போகணும்னு இல்ல, சீட்டு எழுதறவருக்கு சொல்லிக்குடுத்தா அவரே பாத்துப்பாரு. ஆனா இது நீங்க மட்டும் பண்ணி நடக்காது, உங்க மெடிக்கல் ஆபீசர் மனசு வைக்கணும், இந்த பக்கத்தை அவர் டேபிள்ல வச்சிட்டு வாங்க.

கேள்வி: என் பையனுக்கு ஒன்றரை வயசு மேடம். ரெண்டு நாளா தண்ணி தண்ணியா போறான். ஹெல்த் சென்டர் கூட்டிட்டு போனா ஊசியும் போடல, ட்ரிப்ஸும் ஏத்தல, ஆன்டிபயாடிக்கும் குடுக்கல. ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டும் சிங்க் மாத்திரையும் குடுத்து அனுப்பிட்டாங்க. ஏனோதானோன்னு பாத்து அனுப்பிட்டாங்கன்னு வீட்ல ஒரே சண்டை. ஓ.ஆர்.எஸ். குடுத்தும் மோஷன் நிக்கவும் இல்ல.

பதில்: சண்டைய முதல்ல நிறுத்துங்கம்மா, உங்க பையனுக்கு சரியான வைத்தியம்தான் நடந்திருக்கு. சொல்லப்போனா ஊசி போட்டு அனுப்பியிருந்தாதான் நான் கோபப்பட்டிருப்பேன்.

ஓ.ஆர்.எஸ். மோஷனை நிறுத்தற மருந்து இல்ல. இதை யாருமே சொல்லாம பாக்கெட்டை மட்டும் கையில திணிச்சு அனுப்பறதுதான் பிரச்சினையே. வயித்துப்போக்குல உயிரை எடுக்கறது கிருமி இல்ல, உடம்புல இருந்து போற தண்ணியும் உப்பும்தான். சின்ன குழந்தைங்களுக்கு வர்ற வயித்துப்போக்கு நிறைய வைரஸால வர்றது, அதுக்கு ஆன்டிபயாடிக் ஒண்ணும் பண்ணாது, தானா சில நாள்ல அடங்கும், அது வரைக்கும் போற தண்ணிய நாம உள்ள ஊத்திட்டே இருக்கணும். வெறும் தண்ணி குடுத்தா குடல் சரியா உறிஞ்சாது. ஆனா சர்க்கரையும் உப்பும் சரியான அளவுல சேந்து போனா குடல் சுவர் ரெண்டையும் ஜோடியா உள்ள இழுக்கும், கூடவே தண்ணியும் போகும், குடல் கெட்டுப்போயிருக்கற நேரத்துலயும் இந்த ஒரு வழி மட்டும் அடைபடாம வேலை செய்யும். 1971-ல வங்கதேச போர் நேரத்துல அகதிகள் முகாம்ல காலரா பரவினப்போ ஏத்தறதுக்கு சலைன் பாட்டில் தீந்துபோச்சு, திலீப் மஹலனாபிஸ்ங்கற டாக்டர் உப்பையும் சர்க்கரையும் டிரம் டிரம்மா கரைச்சு வச்சு நோயாளியோட சொந்தக்காரங்க கையிலயே குடுத்து குடிக்க வைக்க சொன்னாரு. அந்த முகாம்ல 30 சதவீதம் அளவுக்கு இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழ இறங்குச்சு. அந்த பாக்கெட்டைத்தான் நீங்க ஏனோதானோன்னு சொல்றீங்க.

இப்போ எப்படி குடுக்கறதுன்னு பாப்போம், ஏன்னா தப்பு நடக்கறது இங்கதான். ஒரு லிட்டர் பாக்கெட்டுன்னா முழு பாக்கெட்டையும் ஒரே தடவையா ஒரு லிட்டர் நல்ல தண்ணில கரைக்கணும், கொஞ்சம் கொஞ்சமா எடுத்து டம்ளர்ல கலக்கறது கூடவே கூடாது, உப்பு அதிகமாயிடும் இல்ல குறைஞ்சிடும். 24 மணி நேரத்துக்கு மேல வச்சிருக்காதீங்க, மிச்சத்தை கொட்டிட்டு புதுசா கலக்குங்க. உங்க பையன் வயசுக்கு ஒவ்வொரு தடவை போனதுக்கு அப்புறமும் 50-ல இருந்து 100 மில்லி, ரெண்டு வயசுக்கு மேலன்னா 100-ல இருந்து 200. பாட்டில்ல மடமடன்னு குடுக்காம ஸ்பூன்லயோ டம்ளர்லயோ கொஞ்சம் கொஞ்சமா. வாந்தி எடுத்தா 10 நிமிஷம் விட்டுட்டு இன்னும் மெதுவா ஆரம்பிங்க, வாந்தி வருதுன்னு நிறுத்திட்டா மொத்தமும் போச்சு. தாய்ப்பால், சாப்பாடு எதையும் நிறுத்த வேண்டாம். பாட்டில் ஜூஸ், கலர் எல்லாம் ஓ.ஆர்.எஸ்.க்கு பதில் ஆகாது, அதுல இருக்கற சர்க்கரை குடல்ல இருந்து இன்னும் தண்ணிய வெளிய இழுக்கும்.

சிங்க் மாத்திரைய 10-ல இருந்து 14 நாள் குடுக்கணும், ஆறு மாசத்துக்கு மேல 20 மில்லிகிராம், அதுக்கு கீழ 10. சில நாள்ல மோஷன் நின்னுடும், உடனே மாத்திரையையும் நிறுத்திடுவாங்க, அப்படி பண்ணாதீங்க, அந்த மிச்ச நாள் மாத்திரைதான் அடுத்த ரெண்டு மூணு மாசத்துக்கு திரும்ப வர்ற வாய்ப்பை குறைக்கும்.

எப்போ திரும்ப ஓடணும்னா, மலத்துல ரத்தம் தெரிஞ்சா (அதுக்கு மட்டும் ஆன்டிபயாடிக் உண்டு), குடிக்க முடியலன்னா, கண்ணு உள்ள போய் சோர்ந்து கிடந்தா, வயித்து தோலை கிள்ளி விட்டா பழைய நிலைக்கு போக ரெண்டு செகண்டுக்கு மேல ஆனா, காய்ச்சல் புதுசா வந்தா. ட்ரிப்ஸ்ங்கறது குடிக்கவே முடியாத அளவுக்கு வறண்டு போன குழந்தைக்கு.

ஒண்ணு மட்டும் ஹெல்த் சென்டர் பக்கம் பாத்து சொல்லிடறேன். ஊசி போட அரை நிமிஷம் போதும், ஏன் போடலன்னு புரிய வைக்க அஞ்சு நிமிஷம் ஆகும். அந்த அஞ்சு நிமிஷம் இல்லாததால ஊசி போட்டு அனுப்பற ஆளுங்க இருக்காங்க. உங்களுக்கு போடாம அனுப்பினவங்க பாதி வேலைய நல்லா பண்ணியிருக்காங்க, பேசற பாதிய விட்டுட்டாங்க.

கேள்வி: டாக்டரம்மா, வணக்கம். பேத்திக்கு மூணு வயசு, சளி இருமல். இருமல் சிரப் கேட்டா ஹெல்த் சென்டர்ல இல்லங்கறாங்க, வெளிய எழுதிக்குடுங்கன்னா அதுவும் வேண்டாம்ங்கறாங்க. ஸ்டாக் இல்லாததை மறைக்கறாங்களா?

பதில்: இல்லங்கய்யா, அவங்க சொன்னதுதான் சரி. சின்ன குழந்தைங்க சளிக்கு இருமல் சிரப்பால பலன்னு சொல்ற மாதிரி ஒண்ணும் கிடையாது, சிலதுல இருக்கற மருந்து குழந்தைய மந்தமாக்கி மூச்சையே குறைச்சிடும். 2022-ல காம்பியா நாட்டுல டைஎத்திலீன் கிளைக்கால்ங்கற விஷம் கலந்த சளி சிரப்புகளை குடிச்சு 60-க்கும் மேற்பட்ட குழந்தைங்க சிறுநீரகம் செயலிழந்து இறந்து போயிட்டாங்க, உலக சுகாதார நிறுவனமே எச்சரிக்கை விட்டுச்சு. வெதுவெதுப்பா ஏதாவது குடிக்க குடுங்க, ஒரு வயசு தாண்டிட்டதால தேன் குடுக்கலாம். மூச்சு வேகமானா, நெஞ்சு உள்ள இழுத்தா, குடிக்க முடியலன்னா அப்போ மட்டும் உடனே தூக்கிட்டு போங்க.

கேள்வி: மேம், எம்.பி.பி.எஸ். முடிச்சு முதல் போஸ்டிங். குழந்தை நோய்களுக்கான சிகிச்சை சார்ட்ல சிவப்புல (ரொம்ப ஆபத்துன்னு) வந்தா உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு ரெஃபர் பண்ணணும்னு இருக்கு. நான் லெட்டர் எழுதி குடுக்கறேன், பாதி பேர் போறதே இல்லன்னு அப்புறம்தான் தெரிய வருது. சில பேர் நேரா முகத்துக்கு நேரா முடியாதுங்கறாங்க. நான் என்ன பண்றது?

பதில்: தம்பி, லெட்டர் எழுதறது ரெஃபரல் இல்ல. குழந்தை அங்க போய் சேர்ந்து பெட்ல படுக்கற வரைக்கும் அது உங்க பேஷண்ட்தான்னு நினைச்சீங்கன்னா பாதி பிரச்சினைக்கு வழி தெரிஞ்சிடும்.

முதல்ல ஏன் போகலன்னு கேளுங்க, திட்டாம கேளுங்க. எழுதிக்குடுத்ததை படிக்க தெரியாதவங்க இருப்பாங்க, வீட்ல இன்னும் ரெண்டு குழந்தைய யாரு பாத்துப்பான்னு தெரியாம இருப்பாங்க, வீட்டுக்காரரை கேக்காம முடிவெடுக்க முடியாதவங்க, பெரிய ஆஸ்பத்திரில எங்க போய் யாரை பாக்கறதுன்னு பயந்தவங்க, அங்க போன சொந்தக்காரர் ஒருத்தர் உயிரோட திரும்பலன்னு மனசுல வச்சிருக்கறவங்க. "குழந்தை சீரியஸ், கூட்டிட்டு போங்க"ன்னு சத்தமா சொன்னா இதுல ஒண்ணுக்கும் பதில் கிடைக்காது. அங்க இருக்கற டியூட்டி டாக்டருக்கு அம்மா முன்னாடியே போன் போட்டு பேசுங்க, வார்டு எங்கன்னு கேட்டு சொல்லுங்க, மூணு பயத்துல ஒண்ணு அங்கயே போயிடும்.

அடுத்தது, கிளம்பறதுக்கு முன்னாடி பண்ண வேண்டியது. நிறைய இடத்துல இதைத்தான் விட்டுடறாங்க, பெரிய ஆஸ்பத்திரில போட்டுப்பாங்கன்னு. ரெண்டு மணி நேரம் வண்டில போற குழந்தைக்கு அந்த முதல் டோஸ் தான் உயிர். சார்ட்ல சொல்ற முதல் ஆன்டிபயாடிக் ஊசி, ஆம்பிசிலினும் ஜென்டாமைசினும், எடைக்கு கணக்கு பண்ணி போட்டுடுங்க. வலிப்பு ஓடிட்டு இருந்தா ஆசனவாய் வழியா டயஸிபாம் குடுத்து நிறுத்திட்டு அனுப்புங்க. ரத்தத்துல சர்க்கரை குறையாம பாத்துக்கங்க, பால் குடிக்க முடிஞ்சா அம்மா அங்கயே குடுக்கட்டும், முடியலன்னா கறந்த பாலோ, 200 மில்லி தண்ணில தட்டையா நாலு டீஸ்பூன் சர்க்கரை கரைச்சதோ, விழுங்கவே முடியலன்னா வாய்ல ஊத்தாம மூக்கு வழி ட்யூப்ல. பச்சைக்குழந்தைன்னா அம்மா நெஞ்சோட தோல் படற மாதிரி கட்டி அனுப்புங்க, குளிர்ந்து போய்தான் நிறைய குழந்தைங்க வழியில மோசமாகுது. வயித்துப்போக்குன்னா கையில ஓ.ஆர்.எஸ். கரைச்சு குடுத்து வழி பூரா ஸ்பூன்ல குடுத்துட்டே போக சொல்லுங்க. குடுத்த மருந்து, அளவு, நேரம் எல்லாம் லெட்டர்ல இருக்கணும், இல்லன்னா அங்க திரும்ப போடுவாங்க, இல்ல போட்டிருப்பாங்கன்னு விட்டுடுவாங்க.

எவ்ளோ சொல்லியும் போக முடியாதுன்னு நின்னா கையெழுத்து வாங்கிட்டு கதவை சாத்தற பழக்கம் வேண்டாம். ரெண்டு மாசத்துக்கு கீழ இருக்கற குழந்தைங்களுக்கு தீவிர தொற்று சந்தேகம் இருந்து, ரெஃபர் பண்ண வழியே இல்லாத நிலைமையில என்ன செய்யலாம்னு 2015-ல உலக சுகாதார நிறுவனம் தனியாவே வழிகாட்டி போட்டுச்சு: தினம் ஒரு ஜென்டாமைசின் ஊசி, கூட வாய் வழியா அமாக்சிசிலின், தினமும் பாத்து. பால் குடிக்கவே முடியாத, வலிப்பு வந்த, சுயநினைவு இல்லாத குழந்தைக்கு இது பொருந்தாது, அதுக்கு எப்படியாவது அனுப்பியே ஆகணும். ஆனா மத்தவங்களுக்கு நீங்க தர்றது ஒண்ணுமே இல்லாததை விட ஆயிரம் மடங்கு மேல். நாளைக்கு காலைல வரச்சொல்லுங்க, வரலன்னா ஆள் அனுப்பி பாருங்க.

ரெஃபர் பண்ணது எல்லாத்துக்கும் ஒரு நோட்டு போடுங்க, பேரு, போன், எங்க அனுப்பினோம், சேந்தாங்களா. சாயங்காலம் ஓ.பி. முடிஞ்சதும் போன் பண்ணி கடைசி பத்தியை நிரப்பணும்.

கேள்வி: நான் பார்மசிஸ்ட். அமாக்சிசிலின் சிரப் அடிக்கடி தீந்துடுது, கரையற மாத்திரை வருது. ஆனா அம்மாக்கள் மாத்திரைன்னா மூஞ்சிய சுளிக்கறாங்க, கைக்குழந்தைக்கு மாத்திரையான்னு. திரும்பி வரும்போது பாதி மாத்திரை அப்படியே இருக்கு.

பதில்: கரையற மாத்திரைதான் சிரப்பை விட நல்லது, உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் அதைத்தான் முன்னாடி வைக்கறாங்க. சிரப் பவுடர்ல தண்ணி ஊத்தற அளவு வீட்டுக்கு வீடு மாறும், கலக்கினா ஃபிரிட்ஜ் தேடணும், பாட்டில் இடத்தை அடைக்கும், வண்டில உடையும். மாத்திரைல இந்த தொல்லை எதுவும் இல்ல.

ஆனா கவர்ல போட்டு "காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணு"ன்னு ஜன்னல் வழியா நீட்டினா மூஞ்சி சுளிக்கத்தான் செய்வாங்க. முதல் டோஸை உங்க ஜன்னல்ல வச்சே அம்மா கையால குடுக்க வைங்க. ஒரு ஸ்பூன் தண்ணி, இல்ல தாய்ப்பால், மாத்திரைய போட்டா அவங்க கண்ணு முன்னாடியே கரையும், குழந்தை முழுங்கிடும், அதுக்கப்புறம் யாரும் மாத்திரையான்னு கேக்க மாட்டாங்க. குடுத்து அரை மணிக்குள்ள வாந்தி எடுத்தா திரும்ப ஒண்ணு குடுக்கணும்னும் சொல்லிடுங்க. "புரிஞ்சுதா?"ன்னு மட்டும் கேக்காதீங்க, அதுக்கு எல்லாருமே தலையாட்டுவாங்க. "ராத்திரி எத்தனை மாத்திரை, எதுல கரைப்பீங்க, எத்தனை நாள்?"ன்னு கேளுங்க. தப்பா சொன்னா அங்கயே திருத்திடலாம்.

ஸ்டாக் விஷயத்துல, தீந்தப்புறம் இண்டென்ட் (மருந்து வேணும்னு எழுதி கேக்கறது) போடற பழக்கத்தாலதான் பாதி தட்டுப்பாடு. மழை சீசன்ல, குளிர் சீசன்ல குழந்தைங்க கூட்டம் கூடும்னு தெரியும், போன வருஷ ரிஜிஸ்டரை புரட்டினாலே நம்பர் கிடைக்கும்.

கேள்வி: பப்ளிக் ஹெல்த் படிக்கறேன் மேம். ஐ.எம்.சி.ஐ.ன்னு குழந்தை நோய்களுக்கு ஒருங்கிணைந்த சிகிச்சை முறை 1990-கள்லயே வந்துடுச்சு. இவ்ளோ வருஷம் ஆகியும் ஹெல்த் சென்டர்ல போய் பாத்தா சார்ட் சுவத்துல தொங்குது, யாரும் பாக்கறதில்ல. முறையே தப்பா, ஆளுங்க தப்பா?

பதில்: மத்த வாசகர்களுக்காக ரெண்டு வரி: உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் 1990-கள் நடுவுல கொண்டு வந்தது இது. இருமலுக்கு ஒரு ப்ரோக்ராம், வயித்துப்போக்குக்கு ஒரு ப்ரோக்ராம்னு தனித்தனியா இருந்ததை ஒண்ணாக்கி, வந்த குழந்தைய முழுசா பாருன்னு சொல்லுச்சு, ஏன்னா இருமலோட வர்ற குழந்தைக்கு கூடவே காய்ச்சலும் இருக்கும், எடையும் குறைவா இருக்கும், தடுப்பூசியும் விட்டுப்போயிருக்கும். சிவப்புன்னா அனுப்பு, மஞ்சள்னா இங்கயே மருந்து, பச்சைன்னா வீட்ல பாத்துக்க சொல்லிக்குடு.

முறை தப்பில்ல. வங்கதேசம், பிரேசில், பெரு, தான்சானியா, உகாண்டான்னு அஞ்சு நாட்டுல பெரிய ஆய்வு பண்ணாங்க. தான்சானியாவுல இதை ஒழுங்கா நடத்தின மாவட்டங்கள்ல ரெண்டு வருஷத்துல அஞ்சு வயசுக்குள்ள சாவு மத்த மாவட்டங்களை விட 13 சதவீதம் குறைவா இருந்துச்சு, செலவும் கூடல. ட்ரெயினிங் எடுத்தா குறைஞ்ச வருஷம் படிச்ச ஹெல்த் வொர்க்கரும் நிறைய வருஷம் படிச்சவங்களும் ஏறக்குறைய ஒரே தரத்துல பாக்கறாங்கன்னும் தெரிஞ்சுது, இது டாக்டருங்க சில பேருக்கு பிடிக்கல, போகட்டும்.

ஆளுங்க தப்புன்னும் சொல்ல மாட்டேன். இந்த திட்டத்துக்கு மூணு கால்: வேலை பாக்கறவங்களுக்கு திறமை, அவங்களுக்கு பின்னாடி நிக்கற சிஸ்டம் (மருந்து, ரெஃபரல், மேற்பார்வை), வீட்ல குடும்பத்தோட பழக்கம். நிறைய இடத்துல முதல் கால் மட்டும்தான் போட்டாங்க, அதுவும் 11 நாள் ட்ரெயினிங்கை பாதியா குறைச்சு. ட்ரெயினிங் எடுத்தவங்க மாத்தலாகி போயிடறாங்க, புதுசா வந்தவங்களுக்கு யாரும் சொல்லிக்குடுக்கறதில்ல. மேற்பார்வைக்கு வர்றவங்க ரிஜிஸ்டரை பாத்து கையெழுத்து போட்டுட்டு டீ குடிச்சிட்டு கிளம்பிடறாங்க, ஒரு குழந்தைய எப்படி பாக்கறாங்கன்னு பக்கத்துல உக்காந்து பாத்தவங்க எத்தனை பேரு? இந்த முறைப்படி பாத்தா ஒரு குழந்தைக்கு கூடுதல் நேரம் ஆகும்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா அதுக்கேத்த மாதிரி ஆள் கூட்டின இடம் எத்தனை? நேரம் குடுக்காம சார்ட் மட்டும் குடுத்தா அது சுவத்துலதான் தொங்கும்.

உலகம் பூரா 1990-ல வருஷத்துக்கு 1.25 கோடிக்கும் மேல அஞ்சு வயசுக்குள்ள குழந்தைங்க செத்துட்டு இருந்தாங்க, 2022-ல அது 49 லட்சம். அதனால எதுவுமே நடக்கலன்னு தீசிஸ்ல எழுதிடாதீங்க. தலைப்பு தேடறீங்கன்னா ஒரு ஐடியா: ஒரு சென்டர்ல ஸ்டாப்வாட்சோட உக்காந்து ஒரு குழந்தைக்கு கிடைக்கற நேரம் எவ்ளோ, அதுல தொட்டு பாக்கறது எவ்ளோ, எழுதறது எவ்ளோன்னு பிரிச்சு எடுங்க. எழுதறதுதான் ஜெயிக்கும்னு நினைக்கறேன்.

கேள்வி: காதுல சீழ்னு வந்த குழந்தைக்கு கையோட சுத்தளவு எதுக்கு எடுக்கறீங்கன்னு ஒரு அம்மா என்கிட்ட சண்டைக்கே வந்துட்டாங்க. நான் கிராம சுகாதார நர்ஸ். நேரமும் இல்ல, விட்டுடலாமா?

பதில்: விட்டுடாதீங்க, பத்து செகண்ட் வேலை. அஞ்சு வயசுக்குள்ள நடக்கற சாவுல கிட்டத்தட்ட பாதிக்கு பின்னாடி ஊட்டச்சத்து குறைவு ஒளிஞ்சிருக்கு, ஆனா "என் குழந்தை இளைச்சிருக்கு"ன்னு சொல்லிக்கிட்டு யாரும் ஹெல்த் சென்டருக்கு வர மாட்டாங்க, காதுக்கும் இருமலுக்கும்தான் வருவாங்க. ஆறு மாசத்துல இருந்து அஞ்சு வயசு வரைக்கும், இடது கை, தோளுக்கும் முழங்கைக்கும் நடுவுல, கைய தளர்வா தொங்க விட்டு. 115 மில்லிமீட்டருக்கு கீழன்னா தீவிரம். 115-ல இருந்து 125-க்குள்ளன்னா சாப்பாடு பத்தி பேசி திரும்ப வரச்சொல்லணும். ரெண்டு பாதத்தையும் அழுத்தி பாத்து குழி விழுதான்னும் பாருங்க, வீங்கின குழந்தை பாக்க கொழுகொழுன்னு தெரியும், ஏமாந்துடாதீங்க. அந்த அம்மாகிட்ட "காது சரியாகறதுக்கும் உடம்புல தெம்பு வேணும்ல, அதான் பாக்கறேன்"னு சொல்லிட்டு எடுங்க.

தடுப்பூசி அட்டையையும் அப்பவே வாங்கி பாருங்க. லேசான சளி, காய்ச்சல், காதுவலி எதுவும் தடுப்பூசிய தள்ளிப்போட காரணம் ஆகாது. ஒரு குழந்தைக்காக தட்டம்மை தடுப்பூசி குப்பிய உடைச்சா சில மணி நேரத்துல மிச்சத்தை தூக்கி போடணுமேன்னு தயங்குவீங்க, தெரியும், இருந்தாலும் உடைங்க, போன குழந்தை அடுத்த தடவை எப்ப வரும்னு சொல்ல முடியாது.

காதுக்கு: சீழ் 14 நாளைக்குள்ளன்னா வாய் வழி ஆன்டிபயாடிக், அதுக்கு மேலன்னா சொட்டு மருந்து. ரெண்டுக்கும் சுத்தமான மெல்லிசு துணிய திரியா சுருட்டி காதுல வச்சு ஈரத்தை உறிஞ்ச வைக்கணும், நனைஞ்சதும் மாத்தி, காஞ்சு வர்ற வரைக்கும், ஒரு நாளைக்கு மூணு தடவை. அம்மாவையே ஒரு தடவை உங்க முன்னாடி பண்ண சொல்லுங்க, அஞ்சாவது நாள் திரும்ப வரணும்னு அட்டையில தேதி போட்டு குடுங்க.